துபாய் பாலைவன மணல்ல கிறிஸ்துமஸ் வைக்கணும்னா

முதல்ல நாள் பாருங்க. டிசம்பர் 25 இங்க அரசு லீவு கிடையாது, 2022லருந்து சனி ஞாயிறுதான் வார லீவுன்னு மாறினாலும் சைட்ல வேலை பாக்குற நம்ம ஆளுங்க நிறைய பேருக்கு ஞாயிறு ஒரு நாள்தான் கிடைக்குது, அதனால 25ஐ ஒட்டி வர்ற சனிக்கிழமை ராத்திரிய வச்சீங்கன்னா சோனாப்பூர், அல்கூஸ் லேபர் கேம்ப்ல (தொழிலாளர் குடியிருப்புல) இருக்குற அண்ணன் தம்பிங்களும் வர முடியும். அவங்க இல்லாம நாலு ஃபேமிலி மட்டும் சாப்பிடுறதுக்கு வீட்டு ஹாலே போதும், மணலுக்கு போறதே எல்லாரும் ஒண்ணா உக்கார இடம் வேணும்னுதான்.

கேம்ப்ல இருந்து வர்றவங்க ரெண்டு மூணு நாள் முன்னாடியே கேம்ப் பாஸ்கிட்ட (கேம்ப் பொறுப்பாளர்கிட்ட) சொல்லி வச்சிரட்டும், ராத்திரி கேட் விஷயத்துல அப்புறம் பிரச்சனை வராது. அவங்ககிட்ட பங்கு காசு கேக்காதீங்க, வேலைய குடுங்க. போன தடவ கன்னியாகுமரி பக்கத்து அண்ணன் ஒருத்தர், ஊருக்கு போய் மூணு வருஷம் ஆச்சு, அவர்கிட்ட குடில் பொறுப்ப விட்டோம். அட்டைப்பெட்டிய கீறி கூரை போட்டு, சிவப்பு மணல தண்ணி தெளிச்சு கையால தட்டித்தட்டி வழி அமைச்சு, பாலன வைக்கிற இடத்துல மட்டும் தன்னோட கைக்குட்டைய நாலா மடிச்சு விரிச்சார். கேம்ப் ரூம்ல அடுக்குக் கட்டில் போக குடில் வைக்க ஒரு முழம் இடம் இல்லன்னு அப்பதான் சொன்னார்.

செலவ மத்த தெரிஞ்சவங்களுக்குள்ள பிரிச்சுக்கோங்க, வெளியில வசூல் பண்ணாதீங்க, அனுமதி இல்லாம நன்கொடை வாங்குறது இங்க சட்டப்படி தப்பு. ஆராதனையும் அதே மாதிரிதான், ஆலயத்துல மட்டும். ஊத் மேத்தால 1967லருந்து இருக்குற செயின்ட் மேரிஸ்ல தமிழ்ப் பூசை இருக்கு, கார் நிறுத்த இடம் கிடைக்காது, மெட்ரோல போங்க. பூசைய அங்க முடிச்சிட்டு மணலுக்கு சாப்பாடு, குடில், பிள்ளைங்க விளையாட்டுன்னு மட்டும் போங்க. சரக்கு வேண்டவே வேண்டாம், மாட்டினா ஒருத்தனோட வேலையே போயிரும்.

இடத்துக்கு ஹத்தா ரோட்டுல லஹ்பாப் பக்கம் நல்லது, மணல் சிவப்பா இருக்கும். டென்ட் போட அனுமதி இருக்கான்னு போர்டு பாத்துக்கோங்க, கம்பி வேலி போட்ட இடத்துக்குள்ள போகாதீங்க. டிசம்பர்ல அஞ்சரை மணி தாண்டினதும் சூரியன் இறங்கிரும், அதனால ஒரு கூட்டம் நாலு மணிக்கே போய் வெளிச்சத்துல டென்ட் அடிச்சிரணும், டூட்டி முடிச்சு வர்றவங்கள ரெண்டாவது வண்டி கூட்டிட்டு வரட்டும். மணலுக்குள்ள ஃபோர் பை ஃபோர் மட்டும்தான், அதுவும் ரெண்டு வண்டியா, டயர் காத்த 15லருந்து 18 psiக்குள்ள இறக்கிட்டு. மண்வெட்டி, இழுக்குற கயிறு, காத்தடிக்கிற பம்ப் மறக்காதீங்க. சாதா கார் ரோட்டோரமே நிக்கட்டும்.

பிரியாணி வீட்டுலயே தம் போட்டு ஹாட்பாக்ஸ்ல கொண்டு போங்க, அங்க சமைச்சா காத்துல மணல் விழுந்து பல்லுல நறநறங்கும். அச்சு முறுக்கும் முந்திரிக்கொத்தும் ரெண்டு நாள் முன்னாடியே சுட்டு டின்ல அடைச்சிரலாம். நெருப்பு வெறும் மணல்ல மூட்டாதீங்க, கால் வச்ச பார்பிக்யூ அடுப்புல கரி போடுங்க, காஃப் மரத்துல (நம்ம ஊர் வன்னி மரம்தான்) ஒரு கிளையக்கூட ஒடிக்காதீங்க. ராத்திரி 12, 13 டிகிரிக்கு போயிரும், கேம்ப்ல இருந்து வர்றவங்க பலபேர்ட்ட ஸ்வெட்டர் இருக்காது, போர்வை நாலு கூடுதலா எடுத்துக்கோங்க.

ஸ்டார எங்க கட்டுறதுன்னு கவலப்படாதீங்க, டென்ட் கம்புல பேப்பர் ஸ்டார கட்டி உள்ள சார்ஜர் பல்பு போட்டா ரொம்ப தூரத்துக்கு தெரியும், பின்னாடி வர்ற வண்டிக்கு வழியும் அதுதான்.

ஊருக்கு பேசுறத சாப்பாட்டுக்கு முன்னாடியே வைங்க. இங்க எட்டுன்னா அங்க ஒன்பதரை, அதுக்கப்புறம் பிள்ளைங்க தூங்கிரும். போட்டிம் ஆப்ல வீடியோ கால் போட்டு முதல்ல குடில காட்டுங்க. அந்த அண்ணன் காட்டினப்போ அவரோட சின்னப்பொண்ணு "அப்பா, ஒட்டகம் நிஜமா வருமா"ன்னு கேட்டுச்சு, அவர் போன அப்படியே இருட்டுப் பக்கம் திருப்பி ரொம்ப நேரம் பிடிச்சிட்டு நின்னார்.

காலையில பனிமூட்டம் இருந்தா கிளம்பாதீங்க, வெயில் வரட்டும். அதுக்குள்ள ஒரு கவர்கூட விடாம பொறுக்கிருங்க, ஒட்டகம் பிளாஸ்டிக்க தின்னு செத்துப்போகுது. தார் ரோடு ஏறுறதுக்கு முன்னாடி டயருக்கு காத்த ஏத்திருங்க. முறுக்கையும் கேக்கையும் பாதி முன்கூட்டியே தனியா எடுத்து பார்சல் கட்டி வைங்க, டூட்டி இருந்ததால வர முடியாத ரூம்மேட்டுகளுக்கு அது போகணும்.