ஆய்வுக் கட்டுரை: திட்டமிடும்போதே நுழைந்துவிடும் தவறுகள்

"நடை சரியில்லை" என்று ஓரத்தில் குறிப்பெழுதித் திருப்பித் தரப்படும் பல கட்டுரைகளுக்கு உண்மையான கோளாறு நடையில் இருப்பதில்லை. வாக்கியங்களைத் தனித்தனியாகப் பார்த்தால் ஒழுங்காகவே இருக்கும். ஆனால் மூன்றாம் பக்கத்துப் பத்தியைத் தூக்கி ஏழாம் பக்கத்தில் வைத்தாலும் எதுவும் கெடாது; ஒரு பத்தியை அடியோடு நீக்கினாலும் யாருக்கும் தெரியாது. எழுத உட்கார்ந்தபோது மாணவரிடம் தலைப்பு இருந்திருக்கிறது, கேள்வி இருக்கவில்லை. கீழே வரும் தவறுகளில் பாதிக்கு மேல் இந்த ஒன்றிலிருந்து கிளைத்தவை.

தலைப்பையே கேள்வி என்று எண்ணிக்கொள்வது

"அச்சுக்கலையும் சமூக மாற்றமும்" என்பது தலைப்பு. அதை வைத்துக்கொண்டு நூலகத்துக்குள் நுழைந்தால் படிக்கப் படிக்கத் தீராது. எதைப் படிப்பது, எதை விடுவது என்று அந்தத் தலைப்பு ஒன்றும் சொல்லாது. "அச்சு ஐரோப்பாவை எப்படி மாற்றியது?" என்று வினாக்குறி சேர்த்துவிட்டால் மட்டும் நிலைமை மாறிவிடுமா? பரப்பு அதேதான்.

இப்போது இதைப் பாருங்கள். ஐரோப்பாவில் அச்சுக்கலையைத் தொடங்கிவைத்த கூட்டன்பர்க் தன் பைபிளை 1455 வாக்கில் அச்சிட்டு முடித்தார். அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் கையால் படியெடுக்கும் வேலை நிற்கவில்லை. 1492இல் யோகன்னஸ் டிரிதேமியஸ் என்ற ஜெர்மானிய மடத்துத் தலைவர், படியெழுதுவோரைப் புகழ்ந்து ஒரு நூலே எழுதினார். தோலில் எழுதியது ஆயிரம் ஆண்டு நிற்கும், காகிதத்தில் அச்சிட்டது இருநூறு ஆண்டு நின்றாலே பெரிது என்பது அவருடைய வாதங்களில் ஒன்று. அந்த நூல் 1494இல் வெளிவந்தது, அச்சில்! இப்படி ஒரு முரண் கண்ணில் பட்டதும் கேள்வி தானாகப் பிறக்கிறது: விரைவாகப் பல படிகளைத் தரும் அச்சு வந்த பின்னும் கையெழுத்துப் பிரதிகளுக்கு ஏன் மதிப்பு இருந்தது?

இந்தக் கேள்வி காலத்துக்கு எல்லை போடுகிறது. எந்த மாதிரிச் சான்று வேண்டும் என்பதைச் சொல்கிறது. மடங்களின் ஒழுக்கம் காரணமா, செல்வந்தர்களின் கௌரவம் காரணமா, தேவையான பிரதிகளின் எண்ணிக்கை குறைவு என்பதுதான் காரணமா என்று எதிரெதிர் விடைகளுக்கும் இடம் விடுகிறது. விவரம் தெரிந்த இருவர் ஒரு கேள்விக்கு வேறு வேறு விடை சொல்ல முடியுமா என்று பார்ப்பதே நான் நம்பும் சோதனை. முடியாதென்றால் அது கலைக்களஞ்சியத்தில் பார்த்துக்கொள்ள வேண்டிய தகவல். அதற்குக் கட்டுரை தேவையில்லை.

கேள்வியை ஆசிரியரே தந்துவிட்டால் இந்தச் சிக்கல் தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். அங்கே வேறொரு பள்ளம் இருக்கிறது. "மதிப்பிடுக" என்று கேட்ட இடத்தில் பலர் விவரித்துவிட்டு வருகிறார்கள். விவரிப்பதற்குக் காலவரிசை போதும். மதிப்பிடுவதற்கு அளவுகோல் வேண்டும். அந்த அளவுகோல்களை ஒட்டித்தான் கட்டுரையின் பகுதிகள் பிரிய வேண்டும். "ஒப்பிடுக" என்றால் முதல் பாதியில் ஒன்று, இரண்டாம் பாதியில் மற்றொன்று என்று எழுதி ஒப்பீட்டை வாசகர் தலையில் கட்டிவிடக் கூடாது. வினாத்தாளின் அந்த ஒரு வினைச்சொல்லை அடிக்கோடிட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது.

காலக் கணக்கு

1994இல் பியூலர், கிரிஃபின், ராஸ் என்ற மூன்று உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆய்வேட்டை முடிக்கும் கட்டத்தில் இருந்த மாணவர்களிடம் "எத்தனை நாளில் முடிப்பீர்கள்?" என்று கேட்டார்கள். சராசரி விடை ஏறத்தாழ 34 நாள். எல்லாமே கோணலாகப் போனால் எத்தனை நாள் என்று கேட்டதற்கு ஏறத்தாழ 49 என்றார்கள். உண்மையில் எடுத்துக்கொண்டது 55 நாளுக்கும் மேல். அதாவது, மோசமான நிலையைக் கற்பனை செய்து சொன்ன கணக்கும் போதவில்லை. நேரத்தைக் குறைத்துக் கணக்கிடும் இந்தச் சாய்வுக்குக் கானெமன், ட்வெர்ஸ்கி என்ற உளவியலாளர்கள் 1979இலேயே "திட்டமிடல் பிழை" (planning fallacy) என்று பெயர் வைத்துவிட்டார்கள்; பெயர் தெரிந்தவர்களும் தப்புவதில்லை.

நாள்கள் எங்கே கரைகின்றன என்று பார்த்தால், பெரும்பாலும் வாசிப்பில். "இன்னும் ஒரு கட்டுரையைப் படித்துவிட்டு எழுதத் தொடங்கலாம்" என்ற எண்ணம் உழைப்பின் வேடத்தில் வரும் தள்ளிப்போடல். வாசிப்பு மூன்றில் ஒரு பங்கு முடிந்ததும் இரண்டு பக்கத்துக்கு ஒரு வரைவு எழுதிவிட வேண்டும், எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும். எது தெரியவில்லை என்பது எழுதும்போதுதான் தெரிகிறது. மீதி வாசிப்பு அதை நோக்கிப் போகும். நாள்காட்டியைக் கெடுநாளிலிருந்து பின்னோக்கி நிரப்புங்கள். சான்றுப் பட்டியலை ஒழுங்குபடுத்தவும் மெய்ப்புப் பார்க்கவும் முதலில் நாள் ஒதுக்குங்கள், ஏனென்றால் எல்லோரும் கடைசியில் பலிகொடுப்பது அவற்றைத்தான்.

வெறும் தலைப்புகளால் ஆன திட்டம்

அறிமுகம், அச்சின் வரலாறு, நன்மைகள், தீமைகள், முடிவுரை. இப்படி எழுதி வைத்துக்கொண்டு "திட்டம் தயார்" என்று சொல்பவர்கள் ஏராளம். இதை எந்தப் பொருளுக்கும் பொருத்தலாம் என்பதே இதன் குறை. எதையும் சொல்லாத திட்டம் எதையும் தடுக்கவும் செய்யாது.

திட்டத்தில் ஒவ்வொரு வரியும் முழு வாக்கியமாக, மறுக்கக்கூடிய கூற்றாக இருக்க வேண்டும். மேற்சொன்ன கேள்விக்கு அது இப்படிப் போகலாம்: மடங்களுக்குப் படியெடுத்தல் நூல் உற்பத்தி மட்டும் அல்ல, துறவு ஒழுக்கத்தின் ஒரு பகுதி; ஆகவே அச்சு வேகமானது என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. செல்வந்தச் சேகரிப்பாளர்களுக்கோ கையெழுத்துப் பிரதி ஒரு கௌரவப் பொருள். அங்கே அச்சின் எளிமையே அதற்கு எதிரியாயிற்று. ஆனாலும் டிரிதேமியஸ் தன் வாதத்தைப் பரப்ப அச்சையே நாடினார். எனவே இரண்டும் போட்டியாளர்களாக மட்டும் இருக்கவில்லை, வேலையைப் பங்கிட்டுக்கொண்டன.

இந்த வாக்கியங்களை வரிசை மாற்றிப் பாருங்கள். மூன்றாவதை முதலில் வைத்தால் வாதம் உடைகிறது. உடைய வேண்டும், அப்போதுதான் அது வரிசை. "ஆகவே", "ஆனாலும்", "எனவே" என்ற சொற்கள் திட்டத்திலேயே வந்துவிட்டதைக் கவனியுங்கள். இரண்டு வரிகளுக்கு நடுவில் "மேலும்" என்பதைத் தவிர வேறு எதுவும் பொருந்தவில்லை என்றால், அங்கே வாதம் இல்லை, குவியல்தான் இருக்கிறது.

பத்தியின் உள்ளேயும் இதே நோய் உண்டு: சான்றை வைத்துவிட்டு அடுத்ததற்குத் தாவிவிடுவது. இத்தாலியின் உர்பினோ பிரபுவின் நூலகத்தில் அச்சு நூல் ஒன்றுகூட இல்லை, இருந்தால் அவருக்கு வெட்கமாக இருந்திருக்கும் என்று புத்தக வணிகர் வெஸ்பசியானோ எழுதிவைத்திருக்கிறார். அருமையான மேற்கோள். அதை அப்படியே ஒட்டிவிட்டுப் பத்தியை முடிக்கத்தான் கை துறுதுறுக்கும். ஆனால் அவர் விற்றதே கையெழுத்துப் பிரதிகளைத்தான். அச்சைத் தாழ்த்திப் பேசுவதில் அவருக்கு ஆதாயம் உண்டு. அப்படியிருக்க இந்தச் சாட்சியம் எந்த அளவுக்குச் செல்லும்? பிரபுவின் மனத்துக்கா, வணிகரின் மனத்துக்கா? கூற்றையும் சான்றையும் இணைக்கும் நியாயத்தைத் தனியாகக் காட்ட வேண்டும் என்று 1958இல் தத்துவவாதி ஸ்டீபன் டூல்மின் வற்புறுத்தியது இதைத்தான். மதிப்பெண் விழும் இடமும் பெரும்பாலும் இந்த இரண்டு மூன்று வாக்கியங்கள்தான்.

ஆதிகாலத்திலிருந்து தொடங்கும் முன்னுரை

"மனிதன் தோன்றிய நாள் முதல்..." என்று தொடங்கும் முன்னுரையை வாசிப்பவர் இரண்டாம் பத்திக்குத் தாவிவிடுவார். 1990இல் மொழியியலாளர் ஜான் ஸ்வேல்ஸ், ஆய்வுக் கட்டுரை முன்னுரைகள் எடுத்துவைக்கும் மூன்று அடிகளை வகுத்துக் காட்டினார்: களத்தைக் காட்டுவது, அதில் உள்ள இடைவெளியைக் காட்டுவது, அந்த இடைவெளியைத் தன் கட்டுரை எப்படி நிரப்புகிறது என்று சொல்வது. மாணவர் கட்டுரைகளில் முதல் அடி ஒரு பக்கத்தை விழுங்கிவிடுகிறது. இரண்டாவது காணாமலே போகிறது. டி.என்.ஏ. அமைப்பைப் பற்றி வாட்சனும் கிரிக்கும் 1953இல் வெளியிட்ட கட்டுரை ஒரு பக்க அளவுதான். முதல் வாக்கியத்திலேயே ஓர் அமைப்பை முன்மொழிய விரும்புகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். எல்லோருக்கும் அந்தத் துணிச்சல் வாய்க்காது. ஆனாலும் முதல் பக்கம் முடிவதற்குள் உங்கள் விடை தெரிந்துவிட வேண்டும். ஆய்வுக் கட்டுரை துப்பறியும் கதை அல்ல.

முன்னாய்வுகள் பெயர்ப்பட்டியலாக மாறுவது

"இவர் இந்த ஆண்டில் இப்படிச் சொன்னார். அவர் அந்த ஆண்டில் அப்படிச் சொன்னார்." ஆசிரியர் பெயர்களை அகரவரிசையில் அடுக்கினாலும் இந்தப் பகுதி மாறாது. பிறர் ஆய்வின் முன் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதே இங்கே சொல்லப்பட வேண்டியது. நன்னூல் நூலாசிரியருக்கு வகுத்த ஏழு மதங்கள், அதாவது கொள்கைகள், இதற்கு இன்றும் அப்படியே உதவும். உடன்படல், மறுத்தல் என்ற இரண்டும் எளியவை. பிறர் கருத்தை முதலில் ஏற்றுக்கொண்டு பிறகு களைவது, இருவர் மாறுபடும்போது ஒரு பக்கம் துணிவது, பிறர் நூலின் குற்றத்தைக் காட்டுவது, தானே ஒன்றை நாட்டி அதை நிறுவுவது, பிறர் கருத்தோடு சேராமல் தன் கருத்தையே கொள்வது என்று மற்றவை கூர்மையாகிக்கொண்டே போகின்றன. நீங்கள் குறிப்பிடும் ஒவ்வொரு ஆய்வுக்கும் பக்கத்தில் இவற்றில் எது என்று பென்சிலால் எழுதிப் பாருங்கள். எதுவும் எழுத வரவில்லையா? அந்த ஆய்வு அங்கே கூட்டத்துக்கு நிற்கிறது.

எதிர்க்கருத்தையும் இதே கண்டிப்போடு நடத்த வேண்டும். எளிதில் வீழ்த்தக்கூடிய ஒன்றைத் தேடிப்பிடித்து வீழ்த்துவது யாரையும் ஏமாற்றாது. நம் எடுத்துக்காட்டில் வலுவான மறுப்பு, "கையெழுத்துப் பிரதிகள் பழைய வழக்கத்தின் எச்சம், அவ்வளவுதான்" என்பது. அச்சு நூலைப் பார்த்துக் கையால் படியெடுத்த பிரதிகளே கிடைத்திருக்கின்றன என்று காட்டினால்தான் அந்த மறுப்பு அசையும். இந்த மறுப்பை முடிவுரைக்கு முந்தைய பத்தியில் ஒரு சடங்காக வைக்காமல், அது உங்கள் வாதத்தை நேரடியாகத் தாக்கும் இடத்தில் வையுங்கள்.

இரவல் வடிவம்

அறிமுகம், முறை, முடிவுகள், விவாதம் என்ற நான்கு பகுதி அமைப்பு சோதனை அறிவியலுக்குப் பொருந்தும்; 1970களில் அமெரிக்காவில் தேசியத் தரமாகவே அது வகுக்கப்பட்டது. வரலாற்றுக் கட்டுரையையோ தத்துவக் கட்டுரையையோ அந்தச் சட்டத்துக்குள் திணித்தால் இரண்டுமே கெடும். அறிவியல் கட்டுரையில் அடிக்கடி நேர்வது வேறு: முடிவுகள் பகுதியிலேயே விளக்கம் சொல்லத் தொடங்கிவிடுவது, முறையியலில் வேறொருவர் திரும்பச் செய்து பார்க்கப் போதிய விவரம் தராமல் விடுவது. இவற்றைவிடக் கெட்டது, தரவைப் பார்த்த பிறகு கருதுகோளை எழுதி, அதை முதலிலேயே நினைத்ததுபோல் காட்டுவது. 1998இல் உளவியலாளர் நார்பர்ட் கெர் இதைத் தனியாகப் பெயரிட்டுக் கண்டித்தார். எதிர்பாராத முடிவு கிடைத்தால் எதிர்பார்க்கவில்லை என்றே எழுதலாம், அது குறையல்ல.

குறிப்பெடுப்பதில் சோம்பல்

படிக்கும்போதே பக்க எண்ணைக் குறித்துக்கொள்ளாதவர் கடைசி இரவில் அதே புத்தகத்தைத் தேடி அலைவார். பிறர் சொற்களையும் தன் சொற்களையும் ஒரே நிறத்தில் குறித்து வைத்தவர், நல்லெண்ணத்தோடே கருத்துத் திருட்டில் போய் விழுவார். சாட்ஜிபிடி போன்ற கருவிகள் தரும் சான்றுகளை மூலத்தைத் திறந்து பார்க்காமல் சேர்க்கவே கூடாது. 2023இல், அப்படிக் கருவி தந்த, உண்மையில் இல்லவே இல்லாத தீர்ப்புகளை மேற்கோள் காட்டியதற்காக நியூயார்க்கில் வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது.

முடிவுரையும் அதற்குப் பிறகும்

நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் "சென்று தேய்ந்து இறுதல்" ஒன்று. முன்னுரையை வேறு சொற்களில் திரும்பச் சொல்லி, "மேலும் ஆய்வுகள் தேவை" என்று முடிவது அதற்கு அசல் எடுத்துக்காட்டு. என்ன ஆய்வு, எந்தச் சான்றைத் தேடி என்று சொல்ல முடியாவிட்டால் அந்த வரி வேண்டாம். ஒரு நாட்டின் இரண்டு நூலகங்களைப் பார்த்துவிட்டு ஐரோப்பா முழுவதற்கும் தீர்ப்பு எழுதுவதும் வேண்டாம்.

முதல் வரைவு முடிந்ததும் ஒவ்வொரு பத்தியும் என்ன சொல்கிறது என்று ஓரத்தில் ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். ஒரு வாக்கியத்தில் அடங்காத பத்தியைப் பிரியுங்கள். இரண்டு பத்திகளுக்கு ஒரே வாக்கியம் வந்தால் சேருங்கள். பிறகு அந்த வாக்கியங்களை மட்டும் மேலிருந்து கீழே வாசியுங்கள். திட்டத்தோடு ஒத்துப்போகவில்லை என்றால் பல நேரங்களில் திருத்த வேண்டியது திட்டத்தைத்தான். எழுதும்போது கேள்வி நகர்ந்திருக்கும், முன்னுரை அதைக் கவனித்திருக்காது.

ஆய்வுச் சுருக்கத்தை எல்லாம் முடிந்த பிறகு எழுதுங்கள். முன்பே எழுதித் தந்திருந்தால் புதிதாக எழுதுங்கள். சுருக்கத்தில் 120 பேரிடம் தரவு திரட்டியதாகவும் முறையியலில் 112 பேர் என்றும் இருந்தால், மதிப்பிடுபவர் மீதிப் பக்கங்களைச் சந்தேகக் கண்ணோடுதான் படிப்பார்.