உப்புக் காற்றில் ஒரு வால்தர்: உரிமம் பெற்றவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தோட்டாக்களை அடுக்கிக் கைப்பிடிக்குள் செருகும் மேகசினைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி காலி என்று நினைப்பதுதான் தவறுகளில் தலையாயது. என் அப்பாவும் அப்படித்தான் நினைத்தார். திருவொற்றியூர் வீட்டுக் கூடத்தில் துடைப்பதற்காகக் கைத்துப்பாக்கியை எடுத்தவர், மேகசினை உருவி மேசைமேல் வைத்துவிட்டு விசையை அழுத்தினார். குழலின் பின்முனையில் உள்ள தோட்டா அறையில் தோட்டா ஒன்று இருந்தது. குண்டு சுவரில் பாய்ந்தது. அடுப்படியில் அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. சிமென்ட் பூசிய அந்த இடம் இன்றும் சற்றுப் புடைத்து நிற்கிறது. துப்பாக்கி உரிமம் வாங்கப்போகிறேன் என்று யார் வந்தாலும் முதலில் அந்தச் சுவரைத்தான் காட்டுகிறேன்.

அது 7.65 மில்லிமீட்டர் குண்டைச் சுடும் வால்தர் பிபி. ஜெர்மனியின் வால்தர் நிறுவனம் 1929இல் கொண்டுவந்த வடிவம். அதைவிடச் சற்றுச் சிறிய பிபிகே அதன் பின்னாலேயே வந்தது. 9 மில்லிமீட்டர் நம் நாட்டில் பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட அளவு என்பதால், அங்குலக் கணக்கில் .32 என்று உரிமப் புத்தகத்தில் எழுதப்படும் இந்த அளவுதான் நம்மிடம் புழங்குகிறது. பொதுமக்களுக்கான இறக்குமதி 1980களில் ஏறத்தாழ நின்றுபோயிற்று. ஆகவே ராயபுரத்திலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் எண்ணூர் நெடுஞ்சாலை ஓரத்திலும் எனக்குத் தெரிந்து இதை வைத்திருக்கும் ஐந்தாறு பேரும் தகப்பன் வழியாகவோ மாமனார் வழியாகவோ பெற்றவர்களே. எல்லோரும் சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு: “வால்தர் ஆயிற்றே, ஒன்றும் ஆகாது.” நான் பார்த்த தவறுகள் அத்தனையும் இந்த ஒரு வாக்கியத்திலிருந்து கிளம்பியவை.

முதலில் அந்தத் தோட்டா அறை. சில பிஸ்டல்களில் மேகசின் இல்லாவிட்டால் விசை வேலை செய்யாது. வால்தர் பிபியில் அந்தத் தடுப்பு கிடையாது. அறைக்குள் தோட்டா இருந்தால் மேகசின் இல்லாமலும் சுடும். காலி செய்யும் வரிசை முக்கியம்: முதலில் மேகசினை உருவ வேண்டும், பிறகு துப்பாக்கியின் மேல்பகுதியில் முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடைப் பின்னால் இழுக்க வேண்டும். வரிசையை மாற்றினால், இழுத்தபோது ஒரு தோட்டா வெளியே விழும், அதைப் பார்த்து மனம் நிம்மதியாகும், அதே நொடியில் மேகசினிலிருந்து அடுத்தது உள்ளே ஏறிவிடும். மேகசினை உருவியபின் ஸ்லைடு தானாகத் திறந்து நிற்காது. கையால் பிடித்துக்கொண்டு, வெளிச்சத்தில் அறையைப் பார்த்து, சுண்டு விரலை விட்டுத் தடவியும் பாருங்கள். கண் சொன்னதை விரல் உறுதிப்படுத்தட்டும்.

விசையை அழுத்தினால் விழுந்து அடிக்கும் சுத்தியலுக்கு மேலே, ஸ்லைடின் பின்புறத்தில் ஒரு மெல்லிய ஊசி இருக்கிறது. அறையில் தோட்டா இருந்தால் அது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இருட்டிலும் கட்டைவிரலால் தடவி அறியலாம் என்பது இந்த வடிவத்தின் பெரிய பெருமை. ஆனால் பல ஆண்டு எண்ணெய் காய்ந்து பிசினான துப்பாக்கியில் அந்த ஊசி உள்ளேயே ஒட்டிக்கொள்ளும். போர்க்காலத்தில் தயாரான சிலவற்றில் ஊசியே கிடையாது. ஊசி நீட்டியிருந்தால் தோட்டா இருக்கிறது என்று நம்புங்கள். நீட்டவில்லை என்பதற்காக இல்லை என்று நம்பாதீர்கள்.

பாதுகாப்பு நெம்புகோலும் அப்படித்தான். அதைக் கீழே இறக்கினால் ஏறியிருக்கும் சுத்தியல் தானாகவே விழும். தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் இன்னொரு ஊசி, அதாவது சுடும் ஊசி, தடுக்கப்பட்டிருப்பதால் தோட்டா வெடிக்காது. புதிதில் அது அருமையான ஏற்பாடு. அறுபது எழுபது ஆண்டு தேய்ந்த இரும்பில் அதே ஏற்பாட்டை உயிரைப் பணயம் வைத்து நம்புவது நியாயமில்லை. நெம்புகோலை இறக்கும்போது குழல் எப்போதும் மணல் நிரப்பிய வாளியை நோக்கியே இருக்கட்டும். அறையில் தோட்டாவோடு வீட்டில் வைக்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது உப்பு. இதை நான் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஜெர்மனியில் எழுதிய கையேட்டில் காசிமேட்டுக் காற்று இல்லை. இங்கே ஜன்னல் கம்பி மூன்றே ஆண்டில் உரிகிறது, சைக்கிள் ரிம் ஒரு மழைக்காலத்தில் புள்ளி போடுகிறது. அந்தக் காற்றில் துப்பாக்கியைத் தோல் உறையோடு பீரோவில் பூட்டி வைப்பது பெரிய பிழை. தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பதனிட்டபோது சேர்ந்த உப்பும் அமிலமும் இரும்பைத் தின்னும். உறை எடுத்துச் செல்வதற்கு மட்டும்தான். வைக்கும்போது எண்ணெய் தடவிய பருத்தித் துணி, பக்கத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலம், பூட்டிய இரும்புப் பெட்டி, அதுவும் உயரமான தட்டில். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023இல் மிக்ஜாம் புயலின்போதும் கீழ்த்தட்டில் வைத்திருந்தவர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

எண்ணெய் என்றதும் தேங்காய் எண்ணெயை எடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது நாளடைவில் கெட்டிப்பட்டு, ஊசியையும் வில்லையும் பிடித்துக்கொள்ளும். அவசரத்துக்குத் தையல் மெஷின் எண்ணெய் எவ்வளவோ மேல். துப்பாக்கிக்கென்றே விற்கும் எண்ணெய் அதைவிடவும் மேல். எதுவானாலும் ஒரு துளி போதும். ஊற்றினால் வழிந்து தோட்டாவின் அடியில் உள்ள பற்றவைக்கும் மூடிக்குள் இறங்கி, அதைச் செயலற்றதாக்கிவிடும்.

நான் செய்த தவறு ஒன்றையும் சொல்கிறேன். வெளியே பளபளப்பாக இருக்கிறது என்று பல ஆண்டுகள் கைப்பிடியைக் கழற்றவே இல்லை. ஒரு நாள் அந்த ஒற்றைத் திருகைக் கழற்றி இரு கருப்புப் பட்டைகளையும் எடுத்தேன். சட்டகத்தின்மேல், பட்டையின் விளிம்பு பதிந்த கோட்டிலேயே, பென்சிலால் வரைந்ததுபோல் பழுப்பு நிறத் துரு. விரலால் தேய்த்தால் தூள் வந்தது. உள்ளங்கை வியர்வை அந்த இடுக்கில் இறங்கித் தங்கியிருக்கிறது. அன்றிலிருந்து இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கழற்றுகிறேன். பழைய பட்டைகள் எளிதில் விரிசல் விடும். திருகை இறுக முறுக்காதீர்கள்.

துருவைக் கண்டதும் வியாசர்பாடி லேத் பட்டறைக்கோ பாலிஷ் கடைக்கோ எடுத்துக்கொண்டு ஓடுவது அடுத்த தவறு, இது சட்டக் குற்றமும்கூட. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைப் பழுதுபார்க்கவும் தனி உரிமம் வேண்டும். நல்ல கைத்தொழில்காரர் ஊசி ஒன்றைக் கடைந்து தந்துவிடுவார், அதில் ஐயமில்லை; ஆனால் நீங்கள் இருவருமே மாட்டிக்கொள்வீர்கள். பாலிஷில் பொறிப்பு எண் தேய்ந்தால் அது இன்னொரு குற்றம்.

தோட்டா வாங்கும்போது “.32 கொடுங்கள்” என்று மட்டும் கேட்காதீர்கள். சுழலும் உருளையில் தோட்டா நிரப்பும் ரிவால்வரின் .32 வேறு, வால்தர் போல மேகசினில் நிரப்பும் பிஸ்டலின் .32 வேறு. ரிவால்வர் தோட்டா நீளமானது, பிஸ்டல் மேகசினில் ஏறாது. தலைகீழாக நடப்பதுதான் ஆபத்து: பிஸ்டல் தோட்டா ரிவால்வர் அறைக்குள் நுழைந்துவிடும், அதன் அழுத்தம் அந்த ரிவால்வருக்கு மிகை. வீட்டில் இரண்டும் இருந்தால் தனித்தனிப் பெட்டியில் வையுங்கள். இந்தத் தோட்டாவின் அடி விளிம்பு சற்றே வெளியே நீண்டிருக்கும். மேகசினில் நிரப்பும்போது மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் போய்விட்டால் இரண்டும் பூட்டிக்கொள்ளும். “என் வால்தர் சிக்குகிறது” என்று புலம்புகிறவர்களில் பலருக்கு இதுதான் காரணம். ஒவ்வொன்றையும் முந்தையதற்குச் சற்று முன்னால் அமரும்படி நிரப்புங்கள். பச்சை பூத்த தோட்டாவைச் சுடவே வேண்டாம். விசையை அழுத்தியும் வெடிக்காவிட்டால் உடனே திறக்காமல், இலக்கை நோக்கிப் பிடித்தபடியே அரை நிமிடம் பொறுங்கள். வெடிச்சத்தம் வழக்கத்தைவிடக் குறைவாகக் கேட்டால் அடுத்ததைச் சுடாதீர்கள். குண்டு குழலிலேயே தங்கியிருக்கலாம்.

கல்யாணத்திலோ கோயில் விழாவிலோ வானத்தை நோக்கிச் சுடுவது ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மேலே போன குண்டு எங்கோ ஒரு கூரைமேல் இறங்கத்தான் செய்யும்.

தேர்தல் நேரத்தில் ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வந்தால் தாமதிக்காதீர்கள். கொடுக்கும் முன் எண்ணெய் தடவி, நான்கு பக்கமும் படம் எடுத்து, ரசீதில் தோட்டா எண்ணிக்கையையும் எழுதி வாங்குங்கள். ஒரு முறை எண்ணெயின்றிக் கொடுத்துவிட்டுத் திரும்பப் பெற்றபோது குழல் முனையில் செம்புள்ளிகள் இருந்தன. எங்கே வந்தது என்று வாதிட என்னிடம் படம் இல்லை.

கடைசியாக வாரிசு உரிமை. உரிமம் பெற்றவர் இறந்தபின் துப்பாக்கியைப் பீரோவிலேயே வைத்திருப்பது, எவ்வளவு பாசத்தால் ஆனாலும், உரிமமில்லா ஆயுதம் வைத்திருப்பதில் போய் முடியும். காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைத்துவிட்டு விண்ணப்பியுங்கள். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி அதுவரை காத்திருக்கவும் வேண்டியதில்லை: உரிமையாளருக்கு 70 வயது ஆனாலோ, துப்பாக்கி அவரிடம் 25 ஆண்டு இருந்தாலோ, உயிருடன் இருக்கும்போதே வாரிசு உரிமம் கேட்கலாம். விண்ணப்பிக்கும் முன் புத்தகத்தில் உள்ள எண்ணையும் சட்டகத்தில் பொறித்த எண்ணையும் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். பழைய வால்தர்கள் பலவற்றில் எண்ணின் கடைசியில் பி (P) என்ற ஆங்கில எழுத்து வரும். எங்கள் புத்தகத்தில் அது விடுபட்டிருந்தது. அந்த ஓர் எழுத்தைச் சேர்த்து வாங்க எனக்கு ஏழு மாதம் ஆயிற்று.