ஜூடோ பயிலத் தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூடோ வகுப்பில் புதிதாகச் சேருவோர் பெரும்பாலும் எதிராளியைத் தூக்கி வீசும் ஆசையோடுதான் வருகிறார்கள். அங்கே முதலில் கற்றுத்தரப்படுவதோ விழுவது. உகேமி எனப்படும் இந்த விழும் பயிற்சியைச் சலிப்பான சடங்காகக் கருதி அவசரமாகக் கடப்பதே தவறுகளில் பெரியதும் ஆபத்தானதும் ஆகும்.

மல்லாந்து விழும்போது மோவாயை மார்போடு ஒட்டிவைத்து, பார்வையை இடுப்புப் பட்டையின் முடிச்சில் நிறுத்தினால் பின்மண்டை பாயில் மோதாது. உடலிலிருந்து சற்றே விலக்கிய கைகளால், உள்ளங்கை கீழ்நோக்கியிருக்க, முதுகு பாயைத் தொடும் அதே கணத்தில் ஓங்கி அறைய வேண்டும். புதியவர்களோ கால் தடுமாறியதும் கையைத் தரையில் ஊன்றிவிடுகிறார்கள். உடலின் எடை முழுவதும் அந்த ஒரு கையில் இறங்கி, மணிக்கட்டோ முழங்கையோ காறை எலும்போ முறிய இடமாகிறது. காலைப் பின்புறமாக வாரி மல்லாக்க வீழ்த்தும் ஓசோட்டோ-காரி பார்வைக்கு எளிய வீச்சுதான். ஆனால் ஜப்பானியப் பள்ளிகளில் நேர்ந்த கடுமையான தலைக்காயங்களில் அதன் பெயர் திரும்பத் திரும்ப அடிபடுகிறது. 2012 முதல் அந்நாட்டின் நடுநிலைப் பள்ளிகளில் தற்காப்புக் கலைப் பாடம் கட்டாயமாக்கப்பட்டபோது பெற்றோரை அச்சுறுத்தியதும் இத்தகைய காயங்களே. ஆகவே, ஒழுங்காக விழத் தெரியாத ஒருவரை எவரும் வீசிப் பழகக் கூடாது, அவரே கேட்டுக்கொண்டாலும்.

அடுத்தது, வலிமையை மட்டும் நம்புவது. 1882இல் டோக்கியோவின் எய்ஷோஜி கோயிலில் கோடோகான் என்னும் ஜூடோ பள்ளியைத் தொடங்கிய கானோ ஜிகோரோ சிற்றுடல் கொண்டவர். பலசாலிகளிடம் பட்ட துன்பமே அவரை ஜுஜுத்சு என்னும் பழைய தற்காப்புக் கலையின் பக்கம் திருப்பியது. எதிராளியின் நிலையை முதலில் குலைத்து, பிறகே வீச வேண்டும் என்பது அவருடைய முறையின் உயிர்நாடி. கைகளை விறைப்பாக நீட்டி எதிராளியைத் தள்ளியே வைத்திருப்பவர் தோற்காமல் இருக்கலாம், ஆனால் எதையும் கற்பதில்லை. பத்தே நிமிடத்தில் மூச்சு வாங்கி நிற்பவரும் அவராகவே இருப்பார்.

கறுப்புப் பட்டையைச் சாமுராய் காலத்துத் தொன்மையாக எண்ணி, அதை அடைவதையே குறிக்கோளாக்கிக்கொள்வதும் பிழை. கறுப்புப் பட்டையும் ‘டான்’ எனப்படும் படிநிலையும் 1880களில் கானோ ஏற்படுத்தியவை. கராத்தேக்கு அந்த ஏற்பாடு 1924இல், ஃபுனாகோஷி கிச்சின் என்னும் கராத்தே ஆசானின் வழியாகத்தான் வந்தது. கானோ 1889ஆம் ஆண்டுச் சொற்பொழிவொன்றில் உடற்பயிற்சி, மோதல் திறன், ஒழுக்கம் ஆகிய மூன்றையும் ஜூடோவின் நோக்கங்களாக வைத்தார். மூன்று மாதத்தில் தெருச்சண்டைக்குத் தயாராகலாம் என்று வருபவருக்கு ஏமாற்றமே மிஞ்சும். பொறுமையாகப் பயில்பவருக்குச் சமநிலையும் இடுப்பு வலுவும் நெருக்கடியில் பதறாத நிதானமும் மெல்ல வந்து சேரும்.

கழுத்துப் பிடியிலோ கைமூட்டுப் பூட்டிலோ சிக்கியதும் பாயையோ எதிராளியையோ இருமுறை தட்ட வேண்டும். ரோஷத்தால் தட்டத் தாமதித்தால் தசைநார் கிழிந்து, பல மாதப் பயிற்சி வீணாகும். நகத்தை ஒட்ட வெட்டாமல் பாயில் இறங்குவதும் தவறே. அதில் காயப்படுவது பெரும்பாலும் எதிரில் நிற்பவர்.