வினை, எதிர்வினை: விசைப்படத்தில் சறுக்கும் இடங்கள்

"ஒவ்வொரு வினைக்கும் சமமான, எதிரான எதிர்வினை உண்டு" என்று மனப்பாடமாகச் சொல்பவர்கள்கூட விசைப்படம் (பொருளின் மீது செயல்படும் விசைகளை அம்புக்குறிகளால் காட்டும் படம்) வரையும்போது தடுமாறுவார்கள். எந்தப் பொருள் எந்தப் பொருளின் மீது என்பது அந்த வரியில் இல்லை. நியூட்டன் 1687இல் வெளியிட்ட மூன்றாம் விதி எப்போதும் இரண்டு பொருள்களைப் பற்றியது. ஆகவே ஒவ்வொரு அம்புக்குறியின் பக்கத்திலும் "இது இதன் மீது" என்று எழுதிவிடுங்கள். பாதித் தவறு அங்கேயே பிடிபடும்.

அதிகம் பேர் கோட்டைவிடுவது மேசைமேல் கிடக்கும் புத்தகத்தில். எடை கீழ்நோக்கி, மேசை தரும் செங்குத்து விசை மேல்நோக்கி, அளவும் சமம். அப்படியானால் இவை வினையும் எதிர்வினையும்தானே என்று எழுதிவிடுகிறார்கள். இரண்டுமே புத்தகத்தின் மீது செயல்படுவதால் இவை இணை ஆகா. பூமி புத்தகத்தை இழுப்பதற்கு இணை, புத்தகம் பூமியை இழுப்பது. மேசை புத்தகத்தைத் தாங்குவதற்கு இணை, புத்தகம் மேசையை அழுத்துவது.

சந்தேகம் இருந்தால் லிஃப்டில் ஏற்றிப் பாருங்கள். 50 கிலோ நிறையுள்ள ஒருவர், 2 மீ/வி² முடுக்கத்துடன் மேலே கிளம்பும் லிஃப்டில் நிற்கிறார். புவியீர்ப்பு முடுக்கம் 10 மீ/வி² என்று கொண்டால் அவர் எடை 500 நியூட்டன். தளம் அவரைத் தள்ளுவதோ 600 நியூட்டன். உண்மையான இணை இப்படி ஒருபோதும் வேறுபடாது. அவர் தளத்தை அழுத்துவதும் சரியாக 600 நியூட்டன்தான்.

சமமும் எதிருமாக இருந்தால் ரத்தாகிவிடாதா, பிறகு எப்படி எதுவும் நகரும் என்பது அடுத்த குழப்பம். ஒரே பொருளின் மீது விழும் விசைகளைத்தான் கூட்டவோ கழிக்கவோ முடியும். நடக்கும்போது பாதம் தரையைப் பின்னால் தள்ளுகிறது. தரை பாதத்தை முன்னால் தள்ளுகிறது. நம் கணக்கில் வருவது இரண்டாவது மட்டும்.

அந்த முன்தள்ளல் உராய்வுதான். "உராய்வு எப்போதும் இயக்கத்தை எதிர்க்கும்" என்று படித்தவர்கள் இங்கே அம்பைத் தலைகீழாகப் போடுகிறார்கள். உராய்வு எதிர்ப்பது வழுக்குதலை. பாதம் பின்னோக்கி வழுக்கப் பார்க்கிறது, அதனால் உராய்வு முன்னோக்கி. சைக்கிளில் இன்னும் சுவாரசியம்: மிதித்து வேகமெடுக்கும்போது பின்சக்கரத்தின் மீது தரையின் உராய்வு முன்னோக்கி, முன்சக்கரத்தின் மீது பின்னோக்கி. இரண்டு பிரேக்கையும் பிடித்தால் இரண்டிலும் பின்னோக்கி.

முதலில் வினை, சற்றுக் கழித்து எதிர்வினை என்று நினைப்பதும் தவறு. இரண்டும் ஒரே கணத்தில் எழுகின்றன. எதை வினை என்பது நம் வசதி.

10,000 கிலோ லாரியும் 1,000 கிலோ காரும் மோதினால் இரண்டின் மீதும் விழும் விசை சமம். காரின் முடுக்கம் பத்து மடங்கு என்பதால்தான் சேதத்தைப் பார்த்து விசையும் அதிகம் என்று தோன்றுகிறது.

ராக்கெட் காற்றைத் தள்ளித்தான் மேலேறுகிறது என்பது பழைய தவறு. வெற்றிடத்தில் ராக்கெட் இயங்காது என்ற பொருளில் 1920இல் அமெரிக்க ராக்கெட் முன்னோடி ராபர்ட் கோடார்டைக் கிண்டலடித்துத் தலையங்கம் எழுதிய நியூயார்க் டைம்ஸ், அப்போலோ 11 நிலவுக்குப் போய்க்கொண்டிருந்த 1969 ஜூலையில் திருத்தம் வெளியிட்டது. ராக்கெட் தள்ளுவது தன் வாயுவை. வாயு ராக்கெட்டைத் தள்ளுகிறது.

படகிலிருந்து கரைக்குத் தாவுபவர்கள் தண்ணீரில் விழுவதும் இதே கணக்கில்தான். 60 கிலோ ஆள், 120 கிலோ படகு. படகைப் பொறுத்து நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் தாவினால், நீரின் தடையை விட்டுவிட்டுப் பார்க்கையில், படகு 1 மீட்டர் வேகத்தில் பின்வாங்கும். கரையை நோக்கி மிஞ்சுவது 2 மீட்டர்தான். கயிற்றை இழுத்துக் கட்டியபின் இறங்கினால் முழு 3 மீட்டரும் கிடைக்கும்.