ரிச்சர்ட் பிரையரைப் பார்த்து ஸ்டாண்ட்-அப் கற்பவர்கள் செய்யும் தவறுகள்

ஸ்டாண்ட்-அப், அதாவது மேடையில் தனியாக நின்று பேசிச் சிரிக்க வைக்கும் கலையைக் கற்க யாரைப் பார்க்கலாம் என்று என்னிடம் கேட்டால், நகைச்சுவைக் கலைஞர் ரிச்சர்ட் பிரையர் பெயரைத்தான் சொல்வேன். 1940-ல் அமெரிக்காவின் பியோரியா என்ற ஊரில் பிறந்து, பாட்டி நடத்திய விபசார விடுதியில் வளர்ந்தவர். போதை, நிறவெறி, படுக்கையறை, மரணம் என்று நாலு பேர் நடுவில் வாய் திறக்கக் கூசும் விஷயங்களையெல்லாம் மேடைக்குக் கொண்டுவந்தார். ஆனால் அவரைப் பார்த்துவிட்டு மைக் பிடிக்கிற பலரும் அவரிடமிருந்து வேறு எதையோ எடுத்துக்கொண்டு போகிறார்கள். அதில் எனக்கு நிஜமாகவே வருத்தம் உண்டு.

கெட்ட வார்த்தையை நேர்மை என்று நினைப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. பிரையர் வாயில் வசவு கொட்டும், உண்மைதான். ஆனால் 1979-ல் வந்த அவருடைய மேடைப் படத்தில் மாரடைப்பு பற்றிய பகுதியைப் பாருங்கள். அதற்குக் கொஞ்ச காலம் முன்பு, 1977-ல், அவருக்கு நிஜமாகவே மாரடைப்பு வந்திருந்தது. மேடையில் தன் இதயத்தையே ஒரு ரௌடியாக்கிவிடுகிறார். மூச்சு விடாதே என்று அது அதட்டுகிறது. மண்டியிடச் சொல்கிறது. இப்போது சாவைப் பற்றி யோசிக்கிறாயே, பன்றிக்கறி தின்றபோது யோசித்தாயா என்று கேட்கிறது. அவர் பயந்துபோய்க் கடவுளுக்கு ஃபோன் போடப் பார்க்கிறார். எனக்குத் தெரியாமல் கடவுளிடம் பேசுகிறாயா என்று அதற்கும் அடி விழுகிறது. நெஞ்சில் முஷ்டியை முறுக்கிக்கொண்டே தரையில் சாய்கிறார். வசவு முழுவதையும் எடுத்துவிட்டாலும் அந்தப் பயமும் சிரிப்பும் அப்படியே இருக்கும். உங்கள் ஜோக்கையும் ஒருமுறை அப்படிச் சொல்லிப் பாருங்கள். வசவை எடுத்ததும் சிரிப்பும் போய்விட்டால், ஜோக்கை இன்னும் எழுதவில்லை என்று அர்த்தம்.

அடுத்தது, நடந்ததை நடந்தபடியே கொட்டிவிடுவது. மனசில் இருப்பதைச் சொன்னால் போதும், அதுவே உண்மை, அதுவே நகைச்சுவை என்று நினைத்துவிடுகிறார்கள். 1980 ஜூனில் கொக்கெய்ன் போதையில் பிரையர் உடம்பில் தீப்பிடித்தது. பாதி உடம்பு வெந்துபோய், பிழைப்பாரா என்றே தெரியாமல் கிடந்தார். 1982-ல் வந்த 'லைவ் ஆன் த சன்செட் ஸ்ட்ரிப்' படத்தில் அதைப் பற்றிப் பேசுகிறார். எப்படி ஆரம்பிக்கிறார் தெரியுமா? தூங்கப் போகும் முன்பு பாலும் பிஸ்கட்டும் சாப்பிடுவது வழக்கம், இரண்டு வகைப் பாலைக் கலந்து பிஸ்கட்டைத் தோய்த்ததும் வெடித்துவிட்டது என்கிறார். அது பொய் என்று அரங்கில் இருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். அந்தப் பொய்க்குச் சிரித்து எல்லோரும் இளகிய பிறகுதான் உண்மைக்கு வருகிறார். போதைக் குழாய் அவரிடம் கனிவாகப் பேசுகிறது. இன்றைக்கு எந்த வேலையும் வேண்டாம், நீயும் நானும் இந்த அறையிலேயே இருப்போம் என்கிறது. பார்க்க வரும் நண்பர், அமெரிக்கக் கால்பந்து வீரரும் நடிகருமான ஜிம் பிரவுனோ, என்ன செய்யப் போகிறாய் என்ற ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார். அந்தக் குழாயின் குரலை முதன்முறை கேட்டபோது எனக்குச் சிரிப்பு நின்று தொண்டை அடைத்தது. கடைசியில் ஒரு தீக்குச்சியைக் கொளுத்தி நகர்த்திக் காட்டி, இதுதான் தெருவில் ஓடும் ரிச்சர்ட் பிரையர் என்று, தன்னைப் பற்றி ஊரார் சொல்லிச் சிரித்த ஜோக்கைத் தானே சொல்லிவிட்டுப் போகிறார்.

இத்தனைக்கும் அங்கே அவர் எல்லாவற்றையும் சொல்லிவிடவில்லை. தானே மதுவை ஊற்றிக்கொண்டு தீ வைத்துக்கொண்டதை 1995-ல் வந்த தன்வரலாற்றில் எழுதினார். அதில் தப்பே இல்லை. எதைச் சொல்லும் அளவுக்கு ஆறியிருக்கிறோம் என்று பார்த்துச் சொல்வதும் நேர்மைதான். ஆறாத புண்ணைப் பிரித்துக் காட்டினால் கூட்டம் சிரிக்காது, உங்களை நினைத்துக் கவலைப்படும்.

அப்புறம், ஒப்புக்கொண்டுவிட்டால் கணக்குத் தீர்ந்தது என்று நினைப்பது. இதில் பிரையரே சறுக்கியிருக்கிறார் என்பது என் கருத்து. 1978 புத்தாண்டு சமயத்தில் மனைவியோடு சண்டை போட்டு, ஒரு காரைத் துப்பாக்கியால் சுட்டார். அதையும் மேடையில் சொன்னார். போலீஸ் வந்ததும் தான் வீட்டுக்குள் ஓடியதாகவும், அவர்கள் காரைக் கொல்ல மாட்டார்கள், கறுப்பர்களைத்தான் கொல்வார்கள் என்றும் சொல்லும் இடம் அபாரமானது. ஆனால் அந்தக் கதை முழுவதிலும் கார் இருக்கிறது, போலீஸ் இருக்கிறது, அவர் இருக்கிறார். மனைவியின் பயத்துக்கு அதில் இடமே இல்லை. உங்கள் தவறை வைத்து எழுதும்போது, அடிபட்டவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தால் இதே வரியைச் சொல்வோமா என்று பாருங்கள்.

இன்னொருவர் குரலில் பேசுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அறுபதுகளில் பில் காஸ்பி என்ற இன்னொரு நகைச்சுவைக் கலைஞரின் சாயலில் பேசிக்கொண்டிருந்த பிரையர், 1967-ல் லாஸ் வேகஸ் மேடையிலிருந்து பாதியில் இறங்கிப் போனார். சொந்தக் குரல் பிடிபட அதற்குப் பிறகும் சில வருடங்கள் ஆயின. அவரைக் காப்பியடிப்பதும் அதே சுற்றுவழிதான்.

கடைசியாக, ஒருமுறை கைதட்டல் வாங்கிய வார்த்தையை விடாமல் பிடித்துக்கொள்வது. கறுப்பர்களை இழிவாகச் சொல்லும் அந்த ஒரு வார்த்தையை பிரையர் வருடக்கணக்கில் மேடையில் பயன்படுத்தினார். சொந்த இனத்தின் மீது வெள்ளையர் எறிந்த வார்த்தையை நாமே எடுத்துக்கொண்டால் அதன் விஷம் போய்விடும் என்று நம்பினார். அதைத் தலைப்பிலேயே வைத்த 1974 இசைத்தட்டு கிராமி விருதும் வாங்கியது. 1979-ல் கென்யா போனார். அங்கே ஒரு ஹோட்டலில் உட்கார்ந்து சுற்றிலும் எல்லா வேலைகளையும் செய்துகொண்டிருந்த கறுப்பு மனிதர்களைப் பார்த்தபோது, அந்த வார்த்தை இவர்களில் யாருக்குமே பொருந்தாதே என்று உறைத்தது. இனி அதைச் சொல்லப்போவதில்லை என்று 1982 படத்தில் அரங்கத்தின் முன்னாலேயே சொன்னார்.

உங்கள் பழைய செட்டிலும், அதாவது மேடையில் சொல்லும் ஜோக் தொகுப்பிலும், இப்போது சொல்லக் கூசும் வரி ஒன்று இருக்கலாம். அதைச் சத்தமில்லாமல் வெட்டிவிட்டுப் போகாதீர்கள். ஏன் கூசுகிறது என்று இரண்டு நிமிடத்துக்கு எழுதி, யார் வேண்டுமானாலும் மேடையேறிப் பேசலாம் என்ற அடுத்த ஓப்பன் மைக்கில் அதைச் சொல்லிப் பாருங்கள்.