லூப் இல்லாம ஒரு சனிக்கிழமை: ஃபங்ஷனல் ப்ரோக்ராமிங் மீட்டப் நடத்தலாம் வாங்க

ஃபங்ஷனல் ப்ரோக்ராமிங்னா லூப் போடாம, ஒருதடவ வெச்ச வேல்யூவ மாத்தாம, ஃபங்ஷன்கள வெச்சே கோட் எழுதற முறை. அதுக்கு மீட்டப் நடத்தறதுன்னா மொதல்ல ஒண்ணு, ஸ்லைடு போட்டு பேச ஆள் தேடாதீங்க. நான் மொத தடவ நடத்துனப்போ ஒருத்தர் மோனாட்னா (இதுல வர்ற ஒரு கஷ்டமான கான்செப்ட்) என்னன்னு ஆரம்பிச்சு ஒன்றரை மணி நேரம் பேசுனாரு, டீ குடிக்கப் போன பாதிப்பேர் திரும்பியே வரல. வர்றவங்க கை கீபோர்டுல இருக்கணும், அவ்ளோதான்.

இதுக்குத் தோதா கோட்ரிட்ரீட்னு ஒரு முறை இருக்கு, 2009ல ஆரம்பிச்சது. ரெண்டு ரெண்டு பேரா உக்காந்து 45 நிமிஷம் எழுதணும், டைம் முடிஞ்சதும் எழுதுனத டெலிட் பண்ணிட்டு ஜோடி மாத்தி அதே ப்ராப்ளத்த மறுபடி மொதல்லேர்ந்து. ஆமா, டெலிட்டேதான், மொத ரவுண்டுல எல்லாருக்கும் வயிறு எரியும், மூணாவதுல பழகிடும். முழுநாள்லாம் வேணாம், மூணு ரவுண்டு, நடுவுல பத்து பத்து நிமிஷம் அரட்டை, மூணு மணி நேரத்துல முடிஞ்சிரும்.

ப்ராப்ளம் கணித அறிஞர் ஜான் கான்வேயோட கேம் ஆஃப் லைஃப், 1970லேர்ந்து இருக்கறது. கட்டம் கட்டமா ஒரு போர்டு, ஒவ்வொரு கட்டமும் ஒரு செல், உயிரோடயோ செத்தோ இருக்கும், ஒவ்வொரு ஜெனரேஷன்லயும் ரூல்படி மாறும். உயிரோட இருக்குற செல்லுக்கு ரெண்டோ மூணோ பக்கத்து செல் உயிரோட இருந்தா பொழைக்கும், செத்த செல்லுக்கு சரியா மூணு இருந்தா உயிர் வரும், மத்ததெல்லாம் காலி. ஜாவால எழுதிப் பழகுன கை உடனே போர்டுக்கு டூ டைமன்ஷனல் அரே போட்டு ஓரத்துல இண்டெக்ஸ் எர்ரர் வாங்கிட்டு முழிக்கும். அப்போ வாய தொறக்காதீங்க. ரெண்டாவது ரவுண்டுல ஃபார் லூப் கூடாது, ஒருதடவ வெச்ச வேல்யூவ மாத்தக்கூடாதுன்னு ரூல் போடுங்க, யாராவது ஒரு ஜோடி போர்டே வேணாம், உயிரோட இருக்குற செல்லோட எக்ஸ் ஒய்ய மட்டும் ஒரு செட்ல வெச்சா போதும்னு கண்டுபிடிப்பாங்க, ஒவ்வொண்ணுக்கும் எட்டு பக்கத்து செல்ல லிஸ்ட் பண்ணி, எது எத்தன தடவ வருதுன்னு எண்ணி, ஃபில்டர் பண்ணா அடுத்த ஜெனரேஷன் ரெடி, ஓரம்ங்கற தலைவலியே இல்ல. அந்த மூஞ்சிய பாக்கத்தான் இவ்ளோ பாடு.

ஹாஸ்கெல்ங்கற ஃபங்ஷனல் லாங்வேஜ் தெரிஞ்சவரும் தெரியாதவரும் ஜோடி சேந்தா தெரியாதவர்தான் டைப் பண்ணணும். இல்லன்னா ஒருத்தர் வேடிக்க பாத்துட்டு வீட்டுக்குப் போவாரு.

இன்ஸ்டால் பண்றத வீட்லயே முடிச்சுட்டு வரச் சொல்லுங்க. ஹாஸ்கெல் இன்ஸ்டால் பண்ற டூலான ஜிஹெச்சிஅப்ப இருபது பேர் ஒரே வைஃபைல எறக்குனா மொத ரவுண்டு காலி. மறந்துட்டு வர்றவங்களுக்கு ப்ரௌசர்லயே ஓடுற ஹாஸ்கெல் ப்ளேகிரவுண்ட் போதும், ஜோடிக்கு ஒரு லேப்டாப் இருந்தாலே வண்டி ஓடும்.

எடத்துக்கு யாரோட ஆபீஸாவது கேளுங்க, ஆனா சனிக்கிழமை ஏசி ஓடுமான்னு கேட்டுக்கோங்க, கேட்ல செக்யூரிட்டிகிட்ட பேர் லிஸ்ட்ட முந்துன நாளே குடுத்துருங்க. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ரெண்டு உங்க பைல இருக்கட்டும். ஃப்ரீன்னா வரேன்னு சொல்றவங்கள்ல பாதிதான் வருவாங்க. ஒத்தப்படையா வந்தா நீங்களும் உக்காந்துருங்க.