பிரேக் பழுதை எங்கிருந்து தேடுவது?

யாங்கோனில் என் பட்டறைக்கு வருபவை பெரும்பாலும் ஜப்பானில் ஓடித் தேய்ந்த டொயோட்டா புரோபாக்ஸ் கார்கள். வேலை பழக வரும் தம்பிகளிடம் முதலில் சொல்வது: ஸ்பேனரை வை, பெடலை மிதி.

எஞ்சினை ஓடவிட்டு மிதித்துப் பிடியுங்கள். பஞ்சு மாதிரி அமுங்கினால் பிரேக் ஆயில் போகும் லைனில் காற்று இருக்கும். வெளியே கசிவே இல்லாமல் பெடல் மெல்ல மெல்ல இறங்கினால் பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் கப் கெட்டுப் போயிருக்கும்.

வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா? ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, முன்சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். இறுகி நின்றால், பேடுகளை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பரில் ஆயிலையும் காற்றையும் வெளியே விடும் பிளீடர் நிப்பிளைக் கொஞ்சம் தளர்த்துங்கள். ஆயில் பீச்சியதும் சக்கரம் விடுபட்டால், அழுத்தம் திரும்ப வழியில்லாமல் நின்றிருக்கிறது. அநேகமாக காலிப்பருக்கு ஆயில் கொண்டுவரும் ரப்பர் ஹோஸ் உள்ளே அடைத்திருக்கும். விடுபடாவிட்டால் காலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டனோ, காலிப்பர் நகர உதவும் ஸ்லைடு பின்னோ துருவேறி இறுகியிருக்கும். நம் ஊர் மழைக்கு இது சகஜம். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் நல்ல காலிப்பரைக் கழற்றி எறிவதைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறாது.

பிரேக் பேடு தேய்ந்து 3 மில்லிமீட்டர் கனத்துக்கு வந்துவிட்டால் மாற்றிவிடுங்கள்.

பிரேக் ஆயிலை அலட்சியம் செய்யாதீர்கள். அது காற்றின் ஈரத்தை இழுக்கும். புதிய டாட் 3 ரக பிரேக் ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறினால் 140 வரை இறங்கும். மலையூரான மேமியோவிலிருந்து மண்டலைக்கு இறக்கத்தில் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் ஆயில் கொதித்து, பெடல் தரையைத் தொடும். கியரைக் குறைத்து இறங்குங்கள்.

லைனிலிருந்து காற்று எடுக்கும்போது மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் தொடங்குங்கள். வலப்பக்க ஸ்டியரிங் வண்டியில் அது இடது பின்சக்கரம். வடித்த ஆயிலைத் திரும்ப ஊற்றாதீர்கள்.